இருசப்பன் வைக்காத எந்திரம்

பண்டசோழநல்லூர் இருசப்பன் முப்பத்தாறு ஆண்டு ஏழு மாதங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு எந்திரங்களை லாரியிலிருந்து இறக்கி, உருட்டி, தூக்கி, மட்டம் பார்த்து, அஸ்திவாரத்தில் வைத்திருக்கிறார். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை வகையில் எழுபத்து நான்கு, பஞ்சாலைகளில் நாற்பத்தொன்று, பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரங்கள் ஐம்பத்திரண்டு, மருந்துக் கம்பெனிகளில் இருபத்தேழு, இந்த நான்கிலும் சேராதவை பதினெட்டு. வைத்த இடத்திலிருந்து மறுபடி பெயர்க்க நேர்ந்தது ஒன்றே ஒன்று. அது 1999-இல் ஒரு லேத். அங்கேயும் பிசகு வைத்ததில் இல்லை. முதலாளி வீட்டார் வாஸ்துவுக்காக வாசலை இடம் மாற்ற, லேத் வாசலுக்குக் குறுக்கே வந்துவிட்டது.

இந்த எந்திரங்கள் ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயருக்கு ஒரு தகடு உண்டு. வாங்கியவர் பெயர் திறப்பு விழாக் கல்லில் இருக்கும். கல்லைத் திறந்தவர் பெயர் வாங்கியவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். எந்திரத்தை வைத்தவர் பெயர் எங்கும் இராது. 2025 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை வரை இருசப்பனுக்கு இதில் வருத்தம் இருந்ததில்லை.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த விதம் சுருக்கமானது. 1988 நவம்பரில் பாகூர் அரிசி ஆலை ஒன்றுக்கு எந்திரம் ஏற்றி வந்த லாரி சேற்றில் இறங்கிவிட்டது. எட்டுப் பேர் தள்ளினார்கள். கரும்பு வெட்டிவிட்டு அந்தப் பக்கமாகப் போன பதினேழு வயது இருசப்பன் சற்று நின்று பார்த்து, "மேல இருக்கறத மொதல்ல எறக்குங்க, லாரி தானா வரும்" என்றார். யாரும் கேட்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். எந்திரத்தை இறக்கிய மேஸ்திரி அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். 1996-இல் கூடப்பாக்கத்துத் தனக்கொடியைக் கட்டிக்கொண்டு அந்த ஊரிலேயே தங்கினார். 1997 முதல் தனிக் குழு. அவரோடு ஐந்து பேர். மூத்தவர் இன்னாசி, வயது ஐம்பத்தேழு. கடப்பாரையைப் பிடித்தால் இன்னாசியின் வாய் ஓயாது. கடப்பாரையைக் கீழே வைத்தாலும் ஓயாது.

மேலே சொன்ன ஏப்ரல் 22 அன்று, அந்தப் பக்கத்துப் பெரிய தொழிற்பேட்டையின் வாயிலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். எந்திரம் நிறுவும் வேலை முழுவதும் இனி ஒரு செயலி வழியாகவே நடக்கும். அந்தச் செயலியில் 'நிறுவுநர்' என்று பதிவானவரும், அவருக்குக் கீழே வரும் உதவியாளர்களும் மட்டுமே ஜூலை முதல் தேதியிலிருந்து உள்ளே விடப்படுவார்கள். சென்ற ஆண்டு இருசப்பன் வைத்த ஒன்பது எந்திரங்களில் ஏழு அந்தப் பேட்டைக்குள் வைத்தவை. ஆகவே அந்தத் தாளில் இருந்தது ஆறு குடும்பங்களின் அடுப்பு.

அந்தச் சமயத்தில்தான் வில்லியனூர்க் கடைத்தெரு ஜெகநாதனின் வேலை கைக்கு வந்தது. ஜெகநாதனுடையது மூன்று தலைமுறையாகத் தவிடும் புண்ணாக்கும் விற்கும் குடும்பம். விற்றது போதும், நாமே மாட்டுத் தீவனம் செய்வோம் என்று உறுவையாற்றில் ஒரு கொட்டகை போட்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனியிடம் தீவனக் குச்சி பிழியும் எந்திரத்துக்குச் சொல்லியிருந்தார். எடை ஏழு டன் இருநூறு கிலோ. மணிக்கு ஒரு டன் இருநூறு கிலோ பிழியும். அந்தக் கம்பெனியும் அதே செயலிக்கு மாறியிருந்தது. அதை ஓட்டிக் காட்டுவதற்கு அரியாங்குப்பத்திலிருந்து ப்ரீத்தி என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். அவளுடைய பதவியின் பெயர் டிஜிட்டல் நிறுவல் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைக்க அவள் கையில் இருந்தது ஒரு டேப்லெட்.

மே மாதம் 2-ஆம் தேதி அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் கொட்டிய அன்றே அவள் இருசப்பனைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். விரல் ரேகை விழவில்லை; இரும்பும் கிரீஸும் சேர்ந்து அதை எப்போதோ தேய்த்துவிட்டிருந்தன. முகத்தைச் செயலி எடுத்துக்கொண்டது. அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"அண்ணா, முன் அனுபவம் எத்தன மிஷினு?"

"எரநூத்திப் பன்னண்டும்மா."

அவள் தட்டினாள். சிவப்பாக வந்தது. "இல்லண்ணா. இதுல பதிவானது எத்தனன்னு கேக்குது."

"எதுல?"

"ஆப்ல."

"இந்த ஆப்பு எப்பம்மா வந்துச்சு?"

"போன செப்டம்பர்."

"அதுக்கு முன்னாடி வெச்சதுலாம்?"

ப்ரீத்தி நல்ல பெண், சங்கடப்பட்டாள். "ஆப்ப பொறுத்தவரைக்கும் அதெல்லாம் வெக்கலண்ணா."

இன்னாசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "அப்ப போயி எல்லாத்தையும் கழட்டி எடுத்துகினு வந்துட்லாமா பாப்பா? இவுரு வெக்கலன்னா அது அங்க எப்படி நிக்கும்?"

விதி இதுதான்: நிறுவுநர் ஆவதற்குச் செயலியில் ஓர் எந்திரமாவது அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். எந்திரத்தைத் தம் பெயரில் பதிவதற்கு அவர் நிறுவுநராக இருக்க வேண்டும். ப்ரீத்தி தலைமை அலுவலகத்தைக் கேட்டாள். இரண்டு விதிகளும் தனித்தனியே சரியாகவே இருப்பதாகப் பதில் வந்தது. கடைசியில் செயலி அவரை ஏற்றுக்கொண்ட பிரிவின் பெயர்: உதவியாளர், திறன் இல்லாதவர்.

தனக்கொடி அன்று மாலை இதைக் கேட்டுவிட்டு அதிர்ச்சி அடையவில்லை. "யோவ், இத கண்டுபுடிக்க அவங்களுக்கு ஆப்பு வேண்டியிருக்குது. எனுக்கு கல்யாணம் ஆன மறுவாரமே தெரியுமே" என்றாள். பிறகு, அவர் சிரிக்காததைப் பார்த்து, "ஜூலைக்கு இன்னா பண்ணப் போற?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

எந்திரத்தின் முதல் ஓட்டத்துக்கு ஜெகநாதன் வீட்டு ஜோசியர் குறித்துக் கொடுத்தது வைகாசி 22, அதாவது ஜூன் 5, வியாழக்கிழமை, வளர்பிறை, காலை பத்தரை முதல் பதினொன்றரை. அதைத் தவறவிட்டால் ஜெகநாதன் நட்சத்திரத்துக்கு ஆவணியில்தான் அடுத்த நாள். எந்திரம் 2-ஆம் தேதி வரவேண்டும், மூன்று நாளில் வைத்துவிடலாம் என்பது ஏற்பாடு. அங்கே லாரியில் ஏற்றுவதற்கே 3-ஆம் தேதி ஆகிவிட்டது. 4-ஆம் தேதி மாலை வளவனூர் அருகே லாரியின் அச்சு முறிந்தது. மறுநாள் பிற்பகலுக்குள் சரியாகாது என்றார் டிரைவர்.

5-ஆம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு உறுவையாற்றுக் கொட்டகையில் பந்தல் இருந்தது, வாழைமரம் இருந்தது, அஸ்திவாரத்தில் ஆறு போல்ட் குழிகள் இருந்தன, ஐயர் இருந்தார், கேசரி இருந்தது. எந்திரம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் சாலையோரப் புளியமரத்தடியில் இருந்தது.

ஜெகநாதன் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். "ஆவணி வரைக்கும் மிஷினை மூடி வெச்சா ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? புண்ணாக்குக் கடைக்காரனுக்கு எதுக்கு மிஷினுன்னுவான்."

ப்ரீத்தி ஆறுதலாக இருக்கட்டும் என்று டேப்லெட்டைக் காட்டினாள். அதில் எந்திரத்தின் டிஜிட்டல் இரட்டை இருந்தது. டேப்லெட்டின் கேமராவை வெற்று அஸ்திவாரத்தின் பக்கம் திருப்பினால், திரையில் அந்த அஸ்திவாரத்தின் மேலேயே நீல நிற எந்திரம் கம்பீரமாக நின்றது.

ஜெகநாதன் எழுந்தேவிட்டார். "இது எங்க மிஷினேதானா?"

"அதேதான் சார். சீரியல் நம்பர் கூட அதான்."

"ஸ்டார்ட் பண்ணா ஓடுமா?"

"பயிற்சி முறையில ஓட்டிக் காட்டலாம் சார். ஆனா அது சும்மா—"

"சும்மாவா? சீரியல் நம்பர் இருக்குதே!" என்றார் ஜெகநாதன். ஐயரைப் பார்த்தார். சாமியையே படத்தில் வைத்துத்தானே கும்பிடுகிறோம் என்றார் ஐயர். அவருக்குப் பன்னிரண்டரை மணிக்குத் திருக்காஞ்சியில் இன்னொரு வேலை இருந்தது.

பத்து முப்பத்து மூன்றுக்கு ஆரம்பித்தார்கள். பயிற்சி முறை என்பதற்கு அடையாளமாகத் திரையின் மேல் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒன்று ஓடியது. அதில் யார் பெயரை வேண்டுமானாலும் நிறுவுநராகப் போடலாம். ப்ரீத்தி இருசப்பனைப் பார்த்துச் சிரித்து அவர் பெயரைப் போட்டாள். 'நிறுவியவர்: ச. இருசப்பன்' என்று வந்தது. அப்போது மணி பத்து நாற்பத்தொன்று. இருசப்பன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

நிறுவலின் பதினான்கு கட்டங்களுக்கும் செயலி புகைப்படம் கேட்டது. ப்ரீத்தி கேமராவை அஸ்திவாரத்தின் பக்கம் பிடித்தாள். திரையில் தெரிந்த நீல எந்திரத்தையே படமெடுத்துச் செயலிக்குக் கொடுத்தாள். செயலி தான் வரைந்த எந்திரத்தைத் தானே அடையாளம் கண்டுகொண்டு, 'பொருத்தம் நூறு சதவீதம்' என்றது. மட்டத்தில் ஒரு மயிரிழைகூடப் பிசகில்லை. இருசப்பன் வாழ்நாளில் அப்படி ஒரு மட்டம் கிடைத்ததில்லை.

அதன் பிறகு டேப்லெட்டை அஸ்திவாரத்தின் நடுவே ஒரு பலகையில் சாய்த்து வைத்து, மாலை போட்டார்கள். ஐயர் மணியை அடித்தார். ஜெகநாதனின் மனைவி வள்ளியம்மை தாம்பாளத்தோடு முன்னே வந்தார். எந்தப் புது எந்திரத்துக்கும் செய்வதைத்தான் செய்தார். முதலில் மூன்று விரலால் இடமிருந்து வலமாக விபூதிப் பட்டை இழுத்தார். 'பயிற்சி முறையிலிருந்து நேரடிப் பதிவுக்கு மாற வலப்பக்கம் இழுக்கவும்' என்று திரையில் இருந்தது. பட்டையின் நடுவே சந்தனம் வைத்தார். அங்கே 'ஆம்' இருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து அழுத்தினார். அங்கே 'உறுதி' வந்திருந்தது.

மஞ்சள் பட்டை மறைந்தது. சாம்பிராணிப் புகையில் அதை யாரும் பார்க்கவில்லை. பதினொன்று ஒன்றுக்கு எந்திரம் ஓடத் தொடங்கியது. ஜெகநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. இன்னாசிதான் இருசப்பன் காதில் சொன்னார்: "மச்சான், புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே ரேஷன் கார்டுல பேர ஏத்திட்டாங்கடா."

பன்னிரண்டு மணிக்கு முன்னால் கம்பெனியிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. எந்திரம் நிறுவி ஓட்ட இருபத்தெட்டு நிமிடம், தென்மண்டலச் சாதனை. இருசப்பன் முகம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பெரிதாக வெளியாகியிருந்தது. கீழே: 'நிறுவுநர். முன் அனுபவம்: 1.' அப்போதுதான் ப்ரீத்தி திரையைத் துடைத்துப் பார்த்தாள். மஞ்சள் பட்டை இல்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு சார் இதத் தொட்டது?"

"யாரும் தொடலியே. பொட்டு வெச்சன், அவ்ளதான்" என்றார் வள்ளியம்மை. "பொட்டு வெக்காம பூஜையா?"

மாலை நாலு இருபதுக்கு லாரி வந்தது. டிரைவர் கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி. இறங்கி, எந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைத் தம் போனால் பிடித்தார். இறக்குவதற்கான ரகசிய எண் வரவில்லை. வேறொன்று வந்தது. அதை உரக்கப் படித்தார்: "இந்த எந்திரம் ஏற்கனவே நிறுவப்பட்டு இயங்கி வருகிறது."

எல்லாரும் லாரியைப் பார்த்தார்கள். எந்திரம் லாரியின் மேல், தார்ப்பாய்க்குள், கயிறு கட்டி உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, அப்ப நானு எதையுங்க கொண்டாந்திருக்கறேன்?" என்று கேட்டார் டிரைவர்.

செயலிக்குள் எந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரத்துக்கு ஆறு டன் முந்நூற்று எண்பது கிலோ தீவனம் பிழிந்திருந்தது. திறன் தொண்ணூற்றெட்டு சதவீதம். எண்ணெய் மாற்ற நினைவூட்டலும் வந்திருந்தது.

ப்ரீத்தி தலைமை அலுவலகத்தோடு பேசினாள்; எல்லாரும் கேட்கட்டும் என்று போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். அங்கே பேசியவர் மிக மரியாதையானவர். நேரடிப் பதிவை யாராலும் அழிக்க முடியாது, அதுதான் இந்த அமைப்பின் பெருமையே என்றார். சாதனை வேறு வெளியாகிவிட்டது. "எந்திரம் நன்றாகத்தானே ஓடுகிறது? அதில் வாடிக்கையாளருக்கு என்ன குறை?"

"எந்திரம் லாரியில இருக்குது சார்" என்றாள் ப்ரீத்தி.

"இங்கே அப்படிக் காட்டவில்லையே" என்றார் அவர்.

வழி ஒன்று இருந்தது. வைத்த எந்திரத்தை அகற்றியதாகப் பதிந்தால், அதே எந்திரத்தை மறுபடி இறக்க அனுமதி வரும். அகற்றுவதற்கு வெற்று அஸ்திவாரத்தின் படம் வேண்டும். அது எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது. கூடவே காரணம் வேண்டும். லாரி மறுநாள் மாலை ஆறு மணி வரைதான் நிற்கும். அதற்குள் இறக்காவிட்டால் எந்திரம் திரும்பிப் போய்விடும், மறுபடி வர எட்டு மாதம்.

6-ஆம் தேதி காலை எட்டரைக்கு ஆறு பேர் குழு, ஜெகநாதன், ப்ரீத்தி, டிரைவர் எல்லாரும் டேப்லெட்டைச் சுற்றி நின்றார்கள். காரணங்கள் நான்கு இருந்தன. எந்திரக் கோளாறு என்று போட்டால் லாரி அப்படியே ஆலைக்குத் திரும்ப வேண்டும். உரிமையாளர் விருப்பம் என்றால் ஜெகநாதனுக்கு உத்தரவாதம் போய்விடும். பிழையான நிறுவல் என்றால், நிறுவியவர் பெயருக்குச் சிவப்புப் புள்ளி விழும். இரண்டு ஆண்டுக்கு எந்தப் பேட்டைக்குள்ளும் அவரை விடமாட்டார்கள். நான்காவதை யாரும் படிக்கவே இல்லை. எல்லார் பார்வையும் மூன்றாவதில் நின்று, அங்கிருந்து இருசப்பன் மேல் வந்து நின்றது.

"இருசப்பா," என்றார் ஜெகநாதன், குரலில் இதுவரை இல்லாத குழைவோடு, "ஒரு புள்ளிதானே. நம்ம கடையில உனக்கு வேலை இல்லாமலா போவும்?"

"இன்னா வேல மொதலாளி? புண்ணாக்கு நிறுக்கவா?"

"கோச்சிக்காத. நீ ஒரு வார்த்த சொன்னா எல்லாம் முடிஞ்சிடும்."

"போட்ட மிஷின தப்பா போட்டன்னு ஒத்துக்கலாம், மனுசன்தானே. போடாத மிஷின எப்படி மொதலாளி தப்பா போட்டன்னு சொல்றது?"

"நேத்து சரியா போட்டன்னு போட்டாங்களே, அப்ப மட்டும் ஒத்துகினியே" என்று இன்னாசி குறுக்கே புகுந்தார்.

இருசப்பனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். நேற்று இரவு கூடப்பாக்கத்தில் தனக்கொடி, பக்கத்து வீடு, எதிர்வீடு என்று எல்லாருக்கும் போனில் அந்தப் படத்தைக் காட்டியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு எந்திரங்கள் தராத ஒன்றை, இல்லாத எந்திரம் தந்திருந்தது. அது பொய் என்று தெரிந்தும் இனித்தது. இப்போது அந்தப் பொய் அவரையே திருப்பிக் கேட்கிறது. அவர் டேப்லெட்டை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாரும் படிக்காத நான்காவது வரியைப் படித்தார். இயற்கைப் பேரிடர்: வெள்ளம்.

"இதுக்கு யாரு பேரு கெடும்மா?"

ப்ரீத்தி விதியைத் திறந்து பார்த்தாள். "யார் பேரும் இல்லண்ணா. நிறுவுநர் அனுபவம் அப்படியே இருக்கும்." பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். கத்திரி முடிந்து ஒன்பது நாள். வெயில் அதைப் பற்றி ஒன்றும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. "ஆனா தண்ணிக்குப் போட்டோ கேக்கும்ண்ணா."

"தண்ணிதானே வேணும்" என்றார் இருசப்பன்.

அஸ்திவாரத் தளம் தரையைவிட நாற்பத்தைந்து சென்டிமீட்டர் பள்ளம். நீளம் மூன்று மீட்டர், அகலம் இரண்டு மீட்டர் இருபது. நிரப்ப இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது லிட்டர் வேண்டும். அவர் மற்ற வேலைகளைப் போலவே இதையும் ஒழுங்காகச் செய்தார். போல்ட் குழிகள் நனைந்தால் பிறகு சிமென்ட் பிடிக்காது என்று ஆறையும் சாக்கு வைத்து அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, ஓரங்களுக்குக் களிமண் பூசினார். பதினொன்றேகாலுக்கு போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். இருபது நிமிடத்தில் வெள்ளம் வந்துவிட்டது.

செயலி படத்தை ஏற்கவில்லை. ஆழம் தெரிய ஒரு மனிதர் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றது. இன்னாசி இறங்கினார். முழங்கால்கூட நனையவில்லை, பேரிடர் போதாது என்று வந்தது.

"குந்து" என்றார் இருசப்பன்.

"டேய், இது ஒத்த வேட்டிடா."

"குந்துய்யா. வெள்ளத்துல மாட்டிகினவன் வேட்டியப் பாப்பானா?"

இன்னாசி மார்பளவு தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சிரிக்காதீங்க அண்ணா, கொஞ்சம் கஷ்டப்படற மாதிரி" என்றாள் ப்ரீத்தி. அவர் கையைத் தூக்கி மாதாவைக் கூப்பிடுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். செயலி உடனே ஏற்றது. உயிர்ச்சேதம் உண்டா என்று கேட்டது. அருகிலுள்ள நிவாரண முகாமின் முகவரியைத் தந்தது. பால் பவுடர் தேவையா என்றும் கேட்டது.

"கேளு பாப்பா, கூட ஒரு வேட்டியும் குடுப்பாங்களான்னு" என்றார் தண்ணீரிலிருந்து இன்னாசி.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, உறுவையாற்றில் ஓடிய எந்திரம் வெள்ளத்தால் அகற்றப்பட்டதாகப் பதிவாயிற்று. அதுவரை அது முப்பது டன்னுக்கு மேல் தீவனம் பிழிந்திருந்தது. எந்த மாட்டுக்கும் அதில் ஒரு பிடி கிடைக்கவில்லை. இரண்டு பத்துக்கு டிரைவர் போனில் ரகசிய எண் வந்தது. இரண்டரைக்கு எந்திரம் தரையைத் தொட்டது. டிரைவர் இருசப்பனிடம் போய், "இப்ப இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்று உறுதி கேட்டுக்கொண்டு லாரியைத் திருப்பினார்.

அதற்குப் பின் நடந்தது வேலை. வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீரை இறைத்து, துணியால் ஒற்றி, ஊதி உலர்த்தினார்கள். ஏழு டன் இருநூறு கிலோவை உருளைக் குழாய்களின் மேல் பதினெட்டு மீட்டர் உருட்டினார்கள். செயின் பிளாக்கில் தூக்கினார்கள். ஆறு போல்ட்டும் ஆறு குழியில் இறங்கின. ரசமட்டம் ஒரு பக்கம் காட்டிய சாய்வுக்கு, இரண்டு இடத்தில் மெல்லிய தகடு சொருகினார் இருசப்பன். 8-ஆம் தேதி பெந்தகோஸ்தே ஞாயிறு. இன்னாசி வில்லியனூர் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்தார், அது ஒன்றுதான் தாமதம். 9-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டுப் பத்துக்கு எந்திரம் நிஜமாகவே ஓடியது. அது சரியான ராகுகாலம். ஜெகநாதனுக்குப் போன் செய்தார்கள். "முகூர்த்தத்துலதான் ஸ்டார்ட் பண்ணியாச்சே. இன்னொரு தடவ தேங்கா ஒடைச்சா நல்லா இருக்காது" என்று கடையிலேயே இருந்துவிட்டார். முதல் தீவனக் குச்சி சூடாக வந்து விழுந்தது. இன்னாசி அதை எடுத்துக் கடித்துப் பார்த்து, மாட்டுக்குப் போதும் என்றார்.

ப்ரீத்தி பதிவை முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"இன்னாம்மா மறுபடியும்?"

"மெதுவா செஞ்சிட்டீங்களாம்ண்ணா. இதே மிஷின போன தடவ இருபத்தெட்டு நிமிஷத்துல வெச்சிருக்கீங்க. இந்தத் தடவ அறுபத்தாறு மணி நேரம். நூத்தி நாப்பத்தியொரு மடங்கு தாமதம்னு காட்டுது. விளக்கம் குடுக்கணும். ஏத்துக்கலன்னா நிறுவுநர் தகுதிய நிறுத்தி வெச்சிடும்."

இருசப்பன் கையைச் சாக்கில் துடைத்தார். ஜூலைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ஐந்து பேரும் கருவிகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"ஆள் கொறச்சல்னு போடலாமாண்ணா? இல்ல மழைன்னு போடவா? வெள்ளம்தான் ஏற்கனவே இருக்குதே, அதோட ஒத்துப்போவும்."

அவர் எந்திரத்தைப் பார்த்தார். அது தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அஸ்திவாரத்தில் அசைவில்லை. "வேணாம்மா," என்றார். "பொய் சொல்லிச் சொல்லி எனுக்கே எது முன்னாடி சொன்னதுன்னு மறந்துடும் போலருக்குது. உள்ளத எழுது."

"இன்னான்னு?"

"இந்தத் தடவ மிஷினு இருந்துச்சுன்னு எழுது."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அப்படியே எழுதினாள். அனுப்பி நான்கு நிமிடத்தில், 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. அதை யாராவது படித்தார்களா என்பது தெரியவில்லை. 9-ஆம் தேதி எட்டு நாற்பதிலிருந்து இருசப்பனின் முன் அனுபவம் இரண்டு. அதில் பாதி உண்மை.

ஜூலை முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபத்தைந்துக்கு ஆறு பேரும் பெரிய தொழிற்பேட்டையின் வாயிலில் நின்றார்கள். கேமரா இருசப்பன் முகத்தைப் பார்த்துப் பச்சை விளக்கைப் போட்டது. காவலாளி திரையில் இருந்ததைப் படித்து, "நிறுவுநர்னா இன்னாபா வேல?" என்று கேட்டார். "போன மாசம் வரைக்கும் செஞ்சேனே, அதான்" என்று சொல்லிவிட்டு இருசப்பன் உள்ளே நடந்தார். அன்று இறக்க வேண்டியது பதினோரு டன். லாரி கொட்டகைக்குப் பின்னால் நின்றது. இருசப்பன் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, குளிர்ந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.